சீனி போடாத கேக்கும் பாண்காரரும்

வந்தவர்களையெல்லாம் விரட்டியே ஒரு பேக்கரியை ஊட்டியில் நடத்திக் காட்டிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். எங்கள் தெருக்கோடியில், தகரக் கூரைக்குக் கீழே இருந்த பாண்காரர்தான் அவர். இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர். ரொட்டியைப் பாண் என்பார், சர்க்கரையைச் சீனி என்பார். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

கப்பலில் மற்றவர்கள் பித்தளைக் குடமும் தையல் மெஷினும் கொண்டுவந்தபோது, இவர் கொண்டுவந்தது ஆறு கேக் தகரங்களும் முட்டை அடிக்கும் கம்பி ஒன்றும். கரையிறங்கியவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமில் மாற்றுத் துணி கொடுத்தார்களாம். "துணி கெடக்கட்டும் ஐயா, முட்டை கெடைக்குமா?" என்று கேட்டதாக அவரே பெருமையாகச் சொல்வார்.

அவர் கடையில் ஒரு சாமான் வாங்குவது பரீட்சை எழுதுவது மாதிரி. இருமிக்கொண்டே போனால் கிரீம் பன் கிடையாது. ஒரு தடவை தொப்பையும் தானுமாக வந்த மரக் கான்ட்ராக்டர் ஒரு டஜன் கேக் கேட்டார். பாண்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நாலு படி ஏறுனதுக்கே இந்த மூச்சு வாங்குது. ஒங்களுக்கு ஒரு துண்டு பாண் போதும். போய்ட்டு வாங்க."

கான்ட்ராக்டர் திட்டிக்கொண்டே போனார். மறுநாள் அவரே வந்து அந்த ஒரு துண்டை வாங்கிக்கொண்டு போனார். ரொட்டி அப்படி இருக்கும்.

என் மகள் கலாவுக்கு ஆறு வயதில் சர்க்கரை வியாதி வந்தது. தினமும் காலையில் ஊசியை வெந்நீரில் கொதிக்கவைத்துப் போட வேண்டும். அவளுடைய சிறுநீரில் எட்டுச் சொட்டைக் கண்ணாடிக் குழாயில் இருக்கும் நீல மருந்துத் தண்ணீரில் விட்டுக் காய்ச்சிப் பார்க்க வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று ஏறி, செங்கல் நிறத்துக்குப் போனால் ஆபத்து. ஊசி அளவை மூன்று தடவை சரிபார்ப்பேன்; போட்ட பிறகு நான்காவது தடவை சந்தேகப்படுவேன்.

ஏழாவது பிறந்தநாளுக்குக் கேக்கை வெட்டி எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுத்துவிட்டு, கத்தியை நக்கக்கூட முடியாமல் நின்றாள் கலா. எட்டாவது நெருங்கியபோது, "எனக்குக் கேக்கே வேண்டாம்மா" என்றாள். அதை என்னால் தாங்க முடியவில்லை. டாக்டர் பாலில் போடக் கொடுத்திருந்த சாக்கரின் மாத்திரைப் புட்டியை எடுத்துக்கொண்டு பாண்காரரிடம் போனேன்.

"அண்ணா, சர்க்கரைக்குப் பதிலா இதைப் போட்டு ஒரு கேக் செய்ய முடியுங்களா?"

"தங்கச்சி, நான் ஹட்டன் பக்கத்துல தொரை பங்களாவுல இருவது வருசம் போறணைக்கு முன்னுக்கு நின்னவன். என்னையப் பாத்து முடியுமான்னு கேக்கலாமா?" போறணை என்றால் அவருடைய பெரிய ரொட்டி அடுப்பு.

முதல் கேக் வந்தது. சர்க்கரை இல்லாததால் சிவக்கவே இல்லை. சுண்ணாம்புச் சுவர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. சூட்டில் மாத்திரை கசந்து, நாக்கில் வைத்தால் காது வரைக்கும் கசந்தது. என் கணவர் ஒரு வாய் கடித்துவிட்டுக் கேட்டார்:

"ஏனுங்க பாண்காரரே, இதைத் திங்கோணுங்களா, இல்லை செவுத்துக்குப் பூசோணுங்களா?"

"தொரைமாருக்குக் கசப்புதான் பிடிக்கும்" என்றார் பாண்காரர், முகம் மாறாமல்.

அதோடு, மைதாவும் உடம்புக்குள் போய்ச் சர்க்கரையாகத்தான் மாறும் என்று டாக்டர் சொன்னதையும் அவரிடம் சொல்லித் தொலைத்தேன். மாவைக் குறை சொன்னது அவரைப் பெற்றவளைக் குறை சொன்னதுபோல் ஆகிவிட்டது. இரண்டு நாள் கடை திறக்கவில்லை. தெருவே ரொட்டி இல்லாமல் என்னைப் பார்த்து முறைத்தது.

மூன்றாம் நாள் ஒரு மூட்டை நிலக்கடலையுடன் கடை திறந்தது. வறுத்த கடலையை இடித்துச் சலித்து மாவுக்குப் பதில் போட்டார். அந்தக் கேக் உப்பி எழுந்து, கதவைத் திறந்ததும் தோசையாகப் படுத்தது. குற்றம் ஊட்டிக் குளிர் மேல் விழுந்தது. போறணைக் கதவுக்குக் கம்பளி போர்த்தினார். பக்கத்தில் யாரும் தும்மக்கூடாது, என்னையும் சேர்த்து யாரும் உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு போட்டார்.

பிறந்தநாள் மதியம் ஐந்தாவது கேக்குடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். முட்டை வெள்ளையை நுரைக்க அடித்துச் சேர்த்திருந்தார், கேக் படுக்காமல் நின்றிருந்தது! மாத்திரையை அடுப்பில் காட்டாமல், வெந்து இறங்கிய பிறகு ஏலக்காய் போட்ட தேங்காய்ப்பாலில் கரைத்து மேலே ஊற்றியிருந்தார். ஒரு துளி கசப்பு இல்லை. நான் ஒரு விள்ளல் வாயில் போட்டேன். அவ்வளவு ருசி. அந்த ருசிதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. பாவம் பிள்ளைன்னு கொஞ்சம் சர்க்கரை போட்டுட்டீங்களா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அந்த நீலத் தண்ணியக் கொண்டாங்க" என்றார். ஒரு துணுக்குக் கேக்கை வெந்நீரில் கரைத்து, நீலத் தண்ணீரில் விட்டுக் காய்ச்சினார். நீலம் மாறவில்லை. "பாத்தீங்களா? சீனி இல்ல!"

நான் வேதியியல் படித்தவள். பொய்யாகத் தலையாட்ட முடியவில்லை. கடையில் வாங்கும் வெள்ளைச் சர்க்கரையை அந்தத் தண்ணீர் காட்டாது, உடம்புக்குள் போய் மாறி வருகிற சர்க்கரையைத்தான் காட்டும் என்றேன். அவர் நம்பவில்லை. எங்கள் டப்பாவிலிருந்து ஒரு கரண்டிச் சர்க்கரையைக் கரைத்துக் காய்ச்சினார். அதுவும் நீலம்.

குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப என்னைய எப்பிடி நம்புவீங்க?" என்றார், மெல்லிய குரலில்.

வாசலில் கலா புதுப் பாவாடையில் நின்றிருந்தாள். "அம்மா, இது எனக்குமா?"

சந்தேகம் முழுதும் தீரவில்லை. ஆனாலும் முதல் துண்டை அவளுக்கே வெட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். வந்திருந்த பிள்ளைகள் எல்லாம் தங்கள் துண்டை மறந்து அவளைப் பார்த்தார்கள்.

மாலை ஆறு மணி வரை பாண்காரர் எங்கள் சமையலறையை விட்டு நகரவில்லை. "செங்கல் நெறம் வந்துச்சுன்னா இன்னைக்கே போறணைய இடிச்சிருவேன்" என்று தானாகவே அறிவித்துக்கொண்டார். எட்டுச் சொட்டை எண்ணி விட்டேன். குழாயை இடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டினேன். கொதித்தது. என் கணவர் விளக்கை இன்னும் கிட்டே கொண்டுவந்தார்.

நீலம். கொதித்துக் கொதித்தும் நீலம்.

"ஆ!" என்று ஒரு சத்தம் போட்டார் பாண்காரர். என் கையிலிருந்த இடுக்கியைக் குழாயோடு பிடுங்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். "பாருங்க! நம்ம பிள்ளை கேக் தின்னுட்டா! நீலம்!"

எதிர்வீட்டுத் தையல்காரர் எட்டிப் பார்த்தார். "அதென்னங்க, புது சர்பத்துங்களா?"

"சர்பத்தில்ல ஐயா, பிள்ளையோட மூத்திரம்! நல்லாப் பாருங்க!"

கண்ணாடி சூடாயிற்றே, கை தவறினால் என்ன ஆவது, பள்ளத்தில் கால் இடறுமோ என்று வழக்கம்போல் எனக்கு நூறு கவலை. ஆனாலும் தெருமுனை வரைக்கும் அவர் பின்னாலேயே போனேன். மெதுவாகப் போங்கள் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.