முன்னாள் சம்பந்திக்கு, எரிந்துபோன கட்டில் விஷயமாக

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

முன்னாள் சம்பந்தி என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். முன்னாள் அமைச்சர் உண்டு, முன்னாள் மாணவர் உண்டு, முன்னாள் சம்பந்தி என்று யாரையும் யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. என் பெண்ணும் உங்கள் பையனும் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்துவிட்டார்கள். அவர்களுக்கு என்ன பெயர் என்று சட்டம் சொல்கிறது. நமக்கு என்ன பெயர் என்று வக்கீலைக் கேட்டால் சிரிக்கிறார். பழக்க தோஷத்தில் சம்பந்தி என்றே எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளவும்.

இங்கு நானும் உங்கள் சம்பந்தியம்மாவும் சௌக்கியம். அங்கு தாங்களும், வீட்டில் அம்மாவும், அம்மாவின் முழங்காலும் சௌக்கியமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். வக்கீல் ஆபீஸ் மாடிப்படியில் "உங்க பொண்ணு இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்" என்று நீங்கள் சொன்னதும், "உங்க பையன் இன்னும் கொஞ்சம் மனுஷனா இருந்திருக்கலாம்" என்று நான் சொன்னதும் தங்களுக்கு நினைவிருக்கும். அன்றிலிருந்து உங்களோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று சபதம் செய்திருக்கிறேன். இது பேச்சில்லை, எழுத்து. ஆகவே சபதத்துக்கு ஒன்றும் பங்கமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுக் காலை காபியும் கையுமாக உட்கார்ந்து, நம் பேத்தி வாண்டு நம் இருவரையும் சேர்த்துவிட்டுப் போன அந்த வீடு கட்டும் விளையாட்டை டேப்லெட்டில் திறந்தேன். திறந்தால் வீடு எரிந்துகொண்டிருக்கிறது. வாண்டு கேட்டாளே என்பதற்காக, மரத்தை வெட்டி, பலகை அறுத்து, ஒரு மழைக்காலம் முழுக்கக் கழுத்து வலியோடு நான் கட்டின வீடு. மர வீடு வேண்டாம்டா கண்ணு, கல்லிலே கட்டலாம்னு எவ்வளவோ சொன்னேன், கல்லு ஜில்லுன்னு இருக்கும் தாத்தான்னுட்டா. சரின்னு மூணு பக்கம் வாசல் வச்சு, ஒவ்வொரு வாசல்லயும் தண்ணி வாளி வச்சு, அடுப்பை வீட்டுக்கு வெளியே தள்ளி வச்சுக் கட்டினேன். நான் தீயணைப்பு நிலையத்துல ஆயுசைக் கழிச்சவன் சார். சர்வீஸ்ல இருந்த காலம் பூரா என் வீட்டுல ஒரு திரைச்சீலை கருகினதில்லை. ரிட்டயர் ஆகி, சோபாவில சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும்போது என் வீடு எரியுது. பதறிப்போய் வாளியை எடுத்து ஊத்தலாம்னு விரலை அழுத்தினா, விளையாட்டுல இருக்குற என் ஆளு தண்ணியைக் குடிக்கிறான். அடுத்த வாளிக்கு ஓடினேன், அதையும் குடிக்கிறான். ஊத்துறதுக்கு எந்த இடத்துல அழுத்தணும்னு வாண்டுக்குத்தான் தெரியும். கூரை இடிஞ்சு விழுது, தீயணைப்பு அதிகாரி பக்கத்துல நின்னு வாளி வாளியாத் தண்ணி குடிச்சிக்கிட்டிருக்கான். "ஐயோ, வீடு எரியுதே"ன்னு நான் போட்ட சத்தத்துல உங்க சம்பந்தியம்மா ஓடிப்போய் காஸை மூடிட்டு, மெயின் சுவிட்சையும் அணைச்சிட்டு, பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டிட்டா. அப்புறம் டேப்லெட்டைப் பார்த்துட்டு, "இந்தப் பொய் வீட்டுக்கா?"ன்னு கேட்டா பாருங்க ஒரு கேள்வி, இந்த வயசுல அதைக் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.

இவ்வளவுக்கும் நடுவுல நீங்க எங்கே இருந்தீங்க? வெளியே. என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க? குதிச்சிக்கிட்டிருந்தீங்க! உங்க ஆளு, அந்த நீலச் சட்டைக்காரன், எரியுற வீட்டு முன்னால நின்ன இடத்துலயே தொங்கு தொங்குன்னு குதிக்கிறான். கோர்ட் தீர்ப்பு வந்த மறுநாள் சார். வாரத்துல பள்ளிக்கூட நாளெல்லாம் எங்க பொண்ணுகிட்ட, லீவு நாள் உங்க பையன்கிட்டன்னு தீர்ப்பு வந்ததுக்கு எரிச்சல்ல பண்ணின வேலைன்னு எனக்குப் புரியாதுன்னு நினைச்சீங்களா? நீங்க வச்ச தீ விளக்குலேர்ந்துதான் பத்தியிருக்கு, அதை எங்கே வச்சிருந்தீங்கன்னு சாம்பலைக் கிளறிப் பார்த்துட்டேன். என் தொழிலே அதுதான், எங்கே பத்தினதுன்னு கண்டுபிடிக்கிறது. வேற இடமே கிடைக்கலையா உங்களுக்கு? வாண்டோட கட்டில் தலைமாட்டுல, மரச்சுவரை ஒட்டி வச்சிருக்கீங்க. ஊரெல்லாம் கண்ணாடி எழுதிக் கொடுக்குற கண் டாக்டருக்கு ஒரு சுவர் தெரியலை.

குதிக்கிற பழக்கத்தைப் பத்தி இன்னைக்குச் சொல்லிடுறேன், மனசுல வச்சுக்க முடியலை. என்னைப் பார்த்தா குதிக்கிறீங்க. பார்க்காட்டியும் குதிக்கிறீங்க. நான் பாடுபட்டுப் போட்ட பயிர் மேல ஏறி நின்னு குதிக்கிறீங்க. கதவைத் திறந்தா மூடறதில்லை, ஆடெல்லாம் உள்ளே வந்து நிக்குது. நிஜத்துலயும் நீங்க அப்படித்தான். எங்க வீட்டுக்கு வந்தப்போ பிரிட்ஜைத் திறந்துவச்சிக்கிட்டு, உள்ளே என்ன இருக்குன்னு சொற்பொழிவு ஆத்தின ஆளு நீங்க. எனக்கு இந்த மாதிரி விஷயமெல்லாம் ஆகவே ஆகாது. எங்க குடியிருப்புல மாடிப்படியில சைக்கிளை நிறுத்துறான், செருப்பு ஸ்டாண்டை வைக்கிறான், உடைஞ்ச பிரம்பு நாற்காலியை வைக்கிறான். ஏம்பா, தீப்பிடிச்சா ஜனங்க எது வழியா இறங்கும்னு கேட்டா, "இங்கே எதுக்கு சார் பிடிக்கப்போகுது?"ங்கிறான். பிடிக்கும்னு யாருக்குமே தெரியாது. நான் போய் நின்ன எல்லா வாசல்லயும் ஜனங்க அதையேதான் சொன்னாங்க. உங்க பையன் கல்யாணத்தன்னைக்கு என்கிட்ட யாராவது இது பத்திக்கும்னு சொல்லியிருந்தா நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

கார்ட்டூன் விஷயத்துலயும் நமக்கு ஒத்துவரலை. வாண்டை நடுவுல உட்காரவச்சு நாம ரெண்டு பேரும் பார்த்தோமே, அந்த நரி வெடியைப் பத்தவைக்கும், அது கையிலயே வெடிக்கும், மூஞ்சி கரியாப் போகும், கண்ணு ரெண்டும் படக் படக்குன்னு கொட்டும், அடுத்த நிமிஷம் குளிச்சிட்டு வந்த மாதிரி ஓடும். நான் அதை நிறுத்துங்கன்னேன். "புள்ளை சிரிக்குது, விடுங்க ஆபீசர்"னு சொன்னீங்க. அதே நரிக்குக் கண்ணு ரெண்டும் ஸ்பிரிங் போட்ட மாதிரி வெளியே வந்து உள்ளே போச்சு, கண் டாக்டர் நீங்க கைதட்டினீங்க. சார், கரி பூசின மூஞ்சியை நான் நிஜத்துல பார்த்திருக்கேன். தோள்ல போட்டு வெளியே தூக்கிட்டு வந்திருக்கேன். அதுல சில பேர் கண்ணைக் கொட்டலை. கொட்டு, கொட்டுன்னு ரோட்டுல உட்கார்ந்து கன்னத்துல தட்டியிருக்கேன். அதனாலதான் நிறுத்தச் சொன்னேன். புள்ளை முன்னாடி இதையெல்லாம் விளக்கிச் சொல்ல முடியாதுன்னு சும்மா "அறிவு கெட்ட படம்"னு சொல்லிட்டு எழுந்து போனேன். நீங்க என்னைச் சிடுமூஞ்சின்னு சொன்னது சமையலறை வரைக்கும் கேட்டுச்சு.

வீடு எரிஞ்சதைக்கூட நான் பெரிசு பண்ணமாட்டேன், மறுபடி கட்டிக்கலாம். ஆனா கட்டில் எரிஞ்சுபோச்சே, அதுக்கு என்ன சொல்றீங்க? அந்த விளையாட்டோட சட்டம் உங்களுக்கும் தெரியும், வாண்டுதான் நம்ம ரெண்டு பேருக்கும் பாடம் எடுத்தா. எவ்வளவு நாள் கழிச்சு வந்தாலும் கடைசியாத் தூங்கின கட்டில்லதான் கண்ணு முழிப்போம். அந்தக் கட்டில் போயிடுச்சுன்னா, விளையாட்டு ஆரம்பிச்ச இடத்துல, எங்கேயோ காட்டுக்கு நடுவுல ஒரு மொட்டைப் பாறையில கொண்டுபோய் விட்டுடும். புதுக் கட்டில் போட்டாலும் பிரயோஜனமில்லை, அவளே வந்து அதுல ஒரு தரம் படுத்தாத்தான் கணக்கு. பாறையிலேர்ந்து வீட்டுக்கு வழி எனக்கே சரியாத் தெரியாது. எட்டு வயசுக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? அதுவும் இருட்டுன்னா அவளுக்கு எவ்வளவு பயம்னு நமக்குத் தெரியாதா? அம்மாவோட ஊர் மாறிப் போற அன்னைக்கு அந்த மஞ்சள் கட்டில்ல தன் ஆளைப் படுக்கவச்சிட்டு, "ரெண்டு தாத்தாவும் இங்கேயே இருங்க, நான் தினம் வருவேன்"னு சொல்லிட்டுத்தானே கார்ல ஏறினா.

தினம் வர்றதா சொன்னவ, இப்போ வர்றதே இல்லை. ஏன்னும் உங்களுக்குத் தெரியும். "அந்த வீட்டு ஆளு இருக்குற இடத்துல என் பொண்ணு விளையாட வேண்டாம்"னு என் மக டேப்லெட்டை பீரோவுல வச்சுப் பூட்டிட்டா. உங்க பையன் வீட்டுக்குப் போற நாள்லயும், "அந்த வீட்டு ஆளு இருக்குற இடத்துல என் பொண்ணு விளையாட வேண்டாம்"னு அவரும் பூட்டிட்டாராம். ரெண்டு வக்கீல் வச்சு, சோபா யாருக்கு, மிக்சி யாருக்குங்கிறதுலகூட ஒத்துப்போகாத ரெண்டு பேரும் இந்த ஒரு விஷயத்துல ஒத்துப்போயிட்டாங்க. போன்ல கேட்டா, "கொஞ்ச நாளைக்குத் தாத்தாங்க யாரும் வேண்டாம்பா, அவ குழம்பிப்போறா"ங்கிறா என் மக. உங்க சம்பந்தியம்மா தினம் காலையில அடுப்பைப் பத்தவைக்கிறதுக்கு முன்னாடி என்கிட்ட வந்து "வந்தாளா?"ன்னு கேட்கிறா. நான் "இல்லை"ங்கிறேன். அவ்வளவுதான் இப்பல்லாம் எங்க வீட்டுல பேச்சு. என்னைக்காவது பீரோ திறந்திருந்து, அஞ்சு நிமிஷம் கிடைச்சு, அந்தப் புள்ளை ஓடிவந்து பார்த்தா, கட்டிலும் இருக்காது, வீடும் இருக்காது, நாமளும் இருக்கமாட்டோம். ஓஹோ, தாத்தாங்களும் போயிட்டாங்கன்னுதானே நினைச்சுக்கும்?

ஆகவே இந்தக் கடிதத்தின் மூலம் தங்களை நான் கண்டிப்பாகக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், தாங்கள் உடனடியாக இந்த உலகத்தை விட்டுப் போய்விட வேண்டும். தவறாக நினைக்க வேண்டாம், விளையாட்டில் இருக்கும் உலகத்தைச் சொல்கிறேன். நிஜத்தில் தாங்கள் நூறு வயது இருங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. வீட்டைக் கல்லால் நானே கட்டிக்கொள்கிறேன். உங்கள் விளக்கும் வேண்டாம், குதியும் வேண்டாம். இதற்குப் பதில் எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

வீட்டில் அம்மாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். முழங்காலுக்கு அந்தப் பழைய தைலமே போதும், புதிதாக எதையும் பூசிப் பார்க்க வேண்டாம் என்று உங்கள் சம்பந்தியம்மா எழுதச் சொன்னாள். யார் யாரோடு பேசாவிட்டாலும் எல்லாரும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
எந்த உறவும் இல்லாத, ஆனால் மரியாதை குறையாத,
ஓய்வுபெற்ற நிலைய அதிகாரி

பின்குறிப்பு: கடிதத்தை மடிச்சு உறையில போடும்போது உங்க சம்பந்தியம்மா கேட்டா, "அவரைப் போகச் சொல்லிட்டீங்க, சரி. அந்தப் பாறையில யாரு நிக்கிறது? புள்ளை கண்ணு முழிச்சா முதல்ல யாரைப் பார்க்கும்?" எனக்குச் சுருக்குன்னுச்சு. இவ்வளவு எழுதினேன், அது தோணலை பாருங்க. உடனே டேப்லெட்டைத் திறந்து, எரிஞ்ச வீட்டுலேர்ந்து பாறையைத் தேடிக் கிளம்பினேன். தேட வேண்டியிருக்கலை. வீட்டு வாசல்லேர்ந்தே விளக்கு வச்சிருந்தது. ஒண்ணு, கொஞ்ச தூரத்துல இன்னொண்ணு, அப்புறம் இன்னொண்ணு, ஆத்தைத் தாண்டி, காட்டுக்குள்ளே, வளைஞ்சு வளைஞ்சு மேடு வரைக்கும். ஒவ்வொரு விளக்கைச் சுத்தியும் கல்லு அடுக்கி, பக்கத்துல இருந்த மரத்தை எல்லாம் வெட்டி ஒதுக்கி வச்சிருந்தது. நான் நிலையத்துல பசங்களுக்குச் சொல்லிக்கொடுப்பேனே, தீ தாவாம இருக்க விடுற அந்த இடைவெளி. நேத்திலேர்ந்து நீங்க கண்ணே மூடியிருக்க மாட்டீங்க.

மேட்டுக்கு ஏறினா, பாறை மேல நீலச் சட்டை நிக்குது. கையில ஒரு விளக்கு. கட்டில் தலைமாட்டுல நீங்க எதுக்கு விளக்கு வச்சீங்கன்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சது. புள்ளைக்கு இருட்டுன்னா பயம். இதைப் பக்கம் பக்கமா எழுதினவன் நான், வச்சவரு நீங்க.

வாண்டு வரலை. ரொம்ப நேரம் நின்னு பார்த்தோம். வெறும் பாறைதான். நீங்க என்னைப் பார்த்துக் குதிச்சீங்க. இந்த உலகத்துல நமக்குப் பேசுறதுக்கு வேற வழி இல்லைன்னு இவ்வளவு நாளா எனக்கு உறைக்கலை. நானும் ரெண்டு தரம் குதிச்சேன்.

மேலே எழுதினதை நான் கிழிக்கப்போறதில்லை, கை வலிக்க வலிக்க எழுதினது. படிச்சிட்டு நீங்களே கிழிச்சிடுங்க. பாறையில முறை போட்டுக்கலாம், நிலையத்துல டியூட்டி பார்த்த மாதிரி. காலையில நீங்க, மத்தியானத்துக்கு மேல நான். ஒருத்தர் வந்து நிக்காம இன்னொருத்தர் இறங்கக்கூடாது, சம்பந்தி.