இறுப்பிட்டியில் வீங்கிய மாப்பிள்ளை

கல்லைத் தின்றாலும் செமிக்கும் என்று பெருமை பேசுகிறவனை நம்பக்கூடாது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, லொறிகளில் ஊர்சுற்றி, கிடைத்ததைத் தின்று வளர்ந்த நான் அப்படித்தான் பேசித் திரிந்தேன். ஒருமுறை சாட்டிக் கடற்கரையில் இறால் தின்றதும் உடம்பெல்லாம் அரித்தது. கடலுப்பு என்று சொறிந்துவிட்டுப் படுத்தேன்.

பிறகு இறுப்பிட்டியில் பெண் பேசினார்கள். பெண் சுமதி, ஆஸ்பத்திரியில் தாதி. கனடாவிலிருக்கும் அவளுடைய பெரியம்மா வீடியோவில் என்னைப் பார்த்து ஓம் சொல்வதுதான் மிச்சம். (எங்கள் தீவுகளில் ஆட்கள் குறைவு. தீர்ப்புச் சொல்கிறவர்கள் எல்லாம் வெளிநாட்டில்.)

பெண் பார்க்கப் போன அன்று அவர்கள் வீட்டில் ஒடியல் கூழ், காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சியது. மீன், நண்டு, இறால் எல்லாம் உள்ளே. பிலாவிலையைத் தொன்னையாய்க் கோலி நீட்டும்போது வேண்டாம் என்றால் மரியாதை இல்லை. குடிக்கக் குடிக்க உதடு தடித்தது, கண்ணிமைகள் வீங்கின.

"உறைப்போ தம்பி?" என்றார் சுமதியின் தாய்.

"இல்லை மாமி, நல்ல ருசி."

இன்னுமொரு அகப்பை விழுந்தது. அந்த நேரம் பார்த்துப் பெரியம்மாவின் அழைப்பு.

"இது ஆர்? படத்திலை இருந்தவர் எங்கை?"

"இவர்தான் அக்கா."

"வேறை ஒருத்தன்ரை படத்தை அனுப்பி ஏமாத்துறாங்கள். இவருக்குக் கண் எங்கை இருக்கு?"

நான்தான் அது என்று சொல்ல வாயைத் திறந்தேன். தடித்த உதட்டில் சொல் குழறியது. சுமதி போனைப் பறித்துக் கவிழ்த்தாள்.

"மூச்சு இழுக்குதோ?"

தலையாட்டினேன். தன் தமையனின் ஓட்டோவில் என்னை ஏற்றினாள்.

"முந்தியும் இறாலுக்கு அரிச்சதோ?"

"ஓம். உப்பெண்டு நினைச்சனான்."

"உம்மடை உடம்பு இறாலைப் பகையெண்டு எடுத்து, எதிர்ப்புப் புரதம் செய்து வைச்சிட்டுது. அது மாஸ்ட் செல் எண்ட கலங்களின்ரை மேலை குந்தியிருக்கும். திரும்ப இறால் வந்தால் பக்கத்திலை இருக்கிற ரண்டு புரதத்தைச் சேர்த்துப் பிடிக்கும். அந்தச் சைகை கலத்துக்குள்ளை போகும். கல்சியம் கூடும். உள்ளை பொதி பொதியாய்க் கிடக்கிற ஹிஸ்டமின் வெளியிலை கொட்டும். ரத்தக்குழாய் கசிய, இப்பிடி வீங்கும்."

"ஒரு இறாலுக்கு இவ்வளவு ஆரவாரமோ?"

"உம்மைப் போலைதான். தேவையில்லாத வீரம்."

ஆஸ்பத்திரியில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். அடுத்த நாள் என் பழைய முகம் திரும்பியது. பெரியம்மா மறுபடி பார்த்தார்.

"இப்ப இன்னொருத்தனைக் கொண்டுவந்து இருத்தியிருக்கிறியள்."

கலியாணம் கையை விட்டுப் போய்விட்டது என்றே நினைத்தேன். சுமதி போனைத் தன் பக்கம் திருப்பினாள்.

"ரண்டு முகத்தையும் பாத்தனான் பெரியம்மா. முடிச்சா இவரைத்தான்."

முடித்தாள். எங்கள் வீட்டுக் குசினிக்குள் இன்றுவரை இறால் வந்ததில்லை. பெரியம்மா மட்டும் இன்னும் சந்தேகம் தீராதவர். எப்போது அழைத்தாலும் என்னைப் பார்த்ததும் சொல்வார்: "பிள்ளை, அந்த வீங்கினவரைக் கூப்பிடு. அவரைத்தான் எனக்குத் தெரியும்."