புகை வராத கார்

ஓரெஸ்ட் சமுதாயக் கூடத்து வாசலில் காரை நிறுத்தியபோது அதன் பின்னால் புகை வரவில்லை. மைனஸ் முப்பத்திரண்டு டிகிரிக் குளிரில் மற்ற வண்டிகள் பலவும் இட்லிப் பானை மாதிரி ஆவி விட்டுக்கொண்டு வந்து சேர்ந்தன.

பெட்ரோல் கார் விற்கக் கூடாதென்று அரசாங்கம் போடப்போகும் உத்தரவை எதிர்க்கும் குழுவுக்கு அவர்தான் தலைவர். இன்று மதியம் ஊரே கூடிக் கண்டனக் கடிதத்தில் கையெழுத்துப் போடப் போகிறது. தலைவர் வந்திறங்கியதோ மின்சாரக் காரில். மூன்று வாரமாக வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த கார். காலையில் பிக்கப் வண்டி குளிரில் கிளம்ப மறுத்ததால் வேறு வழியில்லை.

"பேசாம உண்மையைச் சொல்லிடு," என்றாள் மனைவி மார்லிஸ்.

"சொன்னா அப்புறம் என் பேச்சை எவன் நம்புவான்? இருபது வருஷம் சம்பாதிச்ச பேரு இது."

பேட்டரியில் ஒன்பது சதவீதம்தான் மிச்சம். நல்லவேளை, கனடாவின் மனிடோபாவில் குளிர் வந்தால் பெட்ரோல் வண்டிக்கும் மூக்கில் வயர் தொங்கும். இன்ஜின் உறையாமலிருக்க, வேலியோரப் பிளக்கில் செருகிவிட்டுத்தான் யாரும் உள்ளே போவார்கள். நாற்பது வயர்களுக்கு நடுவில் தன் வயரை யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஓரெஸ்ட் கடைசிக் கம்பத்தில் செருகினார். கம்பெனிப் பெயர் தெரியாதபடி முகப்பில் பனியை அள்ளி அப்பினார்.

அந்தப் பனிதான் வினையாயிற்று. குழுவின் செயலாளர் கிளென் ஓடி வந்தான்.

"என்னய்யா, வண்டி படுத்துடுச்சா? பனி மூடிக் கிடக்கு, புகையே காணோம்."

இப்போதுதான் அணைத்தேன் என்றார் ஓரெஸ்ட். அணைத்த வண்டிக்குள் என்ன உர்ரென்கிறது என்று கேட்டான் கிளென். பேட்டரியைச் சூடாக்கும் விசிறி அது.

"எலி," என்றார் ஓரெஸ்ட்.

எலி என்றதும் நான்கு விவசாயிகள் கூடிவிட்டார்கள். இன்ஜின் மூடியைத் திற, வயரையெல்லாம் கடித்துவிடும் என்றார்கள். மூடி உறைந்துவிட்டது என்று சமாளித்தார். அப்படியானால் வெந்நீர் ஊற்றலாம் என்று ஒருவர், கூடத்தைப் பராமரிக்கும் பெர்னிஸிடம் கெட்டில் வாங்கிவரக் கிளம்பினார். அதற்குள் கூட்டத்துக்கு மணி அடித்தது, பிழைத்தார்.

உள்ளே நர்ஸ் கொரின் முதலில் பேசினாள். உத்தரவு இல்லாவிட்டால் நல்ல மின்சார வண்டிகள் நம் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது என்றாள். ஓரெஸ்ட் எழுந்தார். அந்தப் பெண்ணை மட்டம் தட்டாமல் பதில் சொன்னார் பாருங்கள், அதுதான் அவர் குணம்.

"கொரின் சொல்றது நியாயம்தான். சுத்தமான காத்து எங்களுக்கும் வேணும். ஆனா கையை முறுக்கி எதையும் எங்க தலையில கட்ட வேணாம். நல்ல வண்டியா, கட்டுபடியாகிற விலையில கொண்டு வா. நாங்களே வாங்கிப்போம்."

கைதட்டல் முடிவதற்குள் விளக்குகள் அணைந்தன. காபி அண்டாவின் குமிழிச் சத்தம் அடங்கியது. கூடத்தைச் சூடேற்றும் விசிறி நின்றது. பெர்னிஸ் சுவிட்ச் பெட்டியைப் பார்க்க ஓடினாள்.

முன்வரிசையில் கைக்குழந்தை ஒன்று அழுதது. ஓரெஸ்ட் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் தொப்பியைக் கழற்றினார்.

"தப்பு என்னுது. வெளியில நிக்கிறது மின்சாரக் காரு. எலி எதுவும் இல்ல. யாரும் சொல்லி வாங்கல, பிடிச்சு வாங்கினேன். அதுதான் கரண்டை இழுத்துடுச்சு. வேற தலைவரைப் பாத்துக்குங்க."

மார்லிஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏனோ யாரும் சிரிக்கவில்லை. கிளென் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான். நான்கு விவசாயிகளும் கூரையைப் பார்த்தார்கள்.

டார்ச்சோடு திரும்பி வந்து வாசலிலேயே எல்லாம் கேட்டுவிட்ட பெர்னிஸ் சாவகாசமாகச் சொன்னாள்:

"ஹாக்கிப் போட்டியன்னிக்கு எண்பது பெட்ரோல் வண்டி சொருகியும் அந்த சுவிட்ச் அசையல. உன் ஒத்தைக் காருக்கெல்லாம் அது விழாது ஓரெஸ்ட், குறைஞ்சது பத்து மின்சாரக் காராவது வேணும்."