சடையாண்டியின் கடலை கருகிய கதை

ஒரு காட்டில், அதுவும் டவர் சரியாகக் கிடைக்காத காட்டில், சடையாண்டி என்றொரு முள்ளம்பன்றி கடலை போட்டிருந்தான். நிலம் சிங்கராஜாவுடையது. காட்டில் எந்த நிலம்தான் அவருடையது இல்லை? விளைந்ததில் பாதி ராஜாவுக்கு. மீதிப் பாதியை வியாபாரி நரி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். தான் போட்ட கடலையின் ருசி சடையாண்டிக்கே தெரியாது.

அந்த வருஷம் மழை பொய்த்தது. செடியெல்லாம் வாடித் தலை தொங்கியது. சடையாண்டி வறட்சி நிவாரணத்துக்கு மனுப் போட்டான். மனு போன வேகத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. அது மேசை மேசையாக நகர்வதற்குள் மழை கொட்டோ கொட்டென்று கொட்டி, வாடின செடியெல்லாம் எழுந்து உட்கார்ந்து, கொத்துக் கொத்தாகக் காய்த்துவிட்டது.

அப்போதுதான் தகவல் வந்தது: "கருகிய பயிரைப் பார்வையிடப் புதன்கிழமை அதிகாரி வருகிறார். பயிர் கருகாமல் இருந்தால் பொய் மனு எனக் கருதி, மனுதாரர் காட்டைவிட்டு வெளியேற்றப்படுவார்."

சடையாண்டிக்கு முள்ளெல்லாம் குத்திட்டு நின்றது. நல்ல விளைச்சலைப் பார்த்து வயிற்றில் அடித்துக்கொண்டு அழுத முதல் விவசாயி அவன்தான். மான்களிடம் ஓடினான்.

"வந்து மேய்ஞ்சுட்டுப் போங்கப்பா. ஒரு செடி மிஞ்சக் கூடாது."

"ஐயோ, வேண்டாம் அண்ணாச்சி!" என்றன மான்கள். "நாங்க தீவனப் பஞ்ச நிவாரணத்துல இருக்கோம். வாயில பச்சை தெரிஞ்சா பேரை அடிச்சிருவாங்க." சொல்லிவிட்டு, விலா எலும்பு தெரிகிற மாதிரி மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டன.

யானையிடம் போனான். "அண்ணே, வயலுக்குள்ள ஒரு நடை நடந்து குடுங்கண்ணே."

யானை சுற்றுமுற்றும் பார்த்தது. "மெதுவாப் பேசு தம்பி. நான் சிறு விவசாயி பட்டியல்ல இருக்கேன். என் காலடியை எவனாவது அளந்துட்டா என் கதி என்னாகிறது?"

சோர்ந்துபோய் வீடு திரும்பியவனை அவன் பெண்டாட்டி வெள்ளத்தாய் ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏங்க, ஊரெல்லாம் போய்க் கெஞ்சுறீங்களே, நமக்கு வாய் இல்லையா?"

அவ்வளவுதான். பிள்ளைகள் வயலில் பாய்ந்தன. பச்சைக் கடலையை உடைத்து வாயில் போட்ட சடையாண்டி, "அடடா, இத்தனை வருஷமா இதையா நரிக்குக் குடுத்தேன்!" என்று குதித்தான். வெள்ளத்தாய் பிறந்த வீட்டுக்கும் சொல்லியனுப்பினாள். அவள் கல்யாணத்துக்குக்கூட அத்தனை பேர் வந்ததில்லை. மாமனார் கடலையும் தின்றார், கொடியும் தின்றார், கடைசியில் வேலியையும் ருசி பார்த்தார்.

புதன்கிழமை அதிகாரி கொக்கு வந்தார். மொட்டை வயலைப் பார்த்து உச்சுக்கொட்டினார். போனில் படம் பிடித்து, சிக்னலுக்காகக் கழுத்தை மரத்துக்கு மேல் நீட்டினார். அந்த உத்தியோகத்துக்குக் கொக்கை எடுத்ததே கழுத்துக்காகத்தான்.

"முழுச் சேதம். நிவாரணம் உண்டு," என்றார். சடையாண்டி கும்பிடப் போனான். "உனக்கில்லப்பா. பட்டா யார் பேர்ல இருக்கோ அவங்களுக்கு."

நிவாரணம் சிங்கராஜாவுக்குப் போனது. 'வறட்சியிலும் மனம் தளராத உழவர்' என்று மாலையும் போட்டார்கள். மாலையைக் கழற்றாமலே ராஜா நேரே வயலுக்கு வந்தார்.

"எங்கடா என் பாதி? மழைக்கு அப்புறம் நல்லா விளைஞ்சதுன்னு கேள்விப்பட்டேனே."

வெள்ளத்தாய் முன்னால் வந்து, ஏப்பத்தை அடக்கிக்கொண்டு, பணிவாகச் சொன்னாள்: "ஒண்ணுமே விளையலேன்னு அதிகாரி ஐயாவே எழுதிட்டாருங்க மகாராஜா. விளைஞ்சதுன்னு நீங்க சொன்னா, வாங்கின நிவாரணத்தைத் திருப்பிக் கட்டணுமாமே?"

சிங்கராஜா கர்ஜிக்க வாயைத் திறந்தார். யோசித்தார். அதைக் கொட்டாவியாக மாற்றிக்கொண்டு நடையைக் கட்டினார்.

நீதி: விளைந்ததை நீயே தின்றுவிடு, விளையாததை மட்டும் முழுசாக ராஜாவுக்குக் கொடுத்துவிடு.