மாடி ரூம் சுவர் இன்னும் காயவில்லை

ஞாயிற்றுக்கிழமை காலை, பாதி முகத்தில் சோப்பு நுரையோடு, ஆர்க்கிடெக்ட் ஒரு முடிவுக்கு வந்தார். இந்த முறை முடியாது என்று சொல்லிவிடுவது.

வெளியே அவர் அந்த வார்த்தையைத் தாராளமாகச் சொல்லுவார். அதிகாரிகளிடம் சொல்லியிருக்கிறார். ஒரு தடவை, ஓடிக்கொண்டிருந்த இடிப்பு இயந்திரத்துக்கு முன்னால் கையை விரித்து நின்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்குள் மட்டும் அது பதினோரு வருஷமாகத் தொண்டையைத் தாண்டியதில்லை.

பழைய கட்டடங்களைக் காப்பாற்றுவது அவர் தொழில். இடிக்க விடாமல் தடுப்பார், விரிசலை அடைப்பார், உள்ளே புதிதாக ஒரு வேலை கொடுப்பார். குதிரை லாயம் ஒன்று அவர் கையில் நூலகமானது. தந்தி ஆபீஸ் பல் ஆஸ்பத்திரியானது. "கட்டடத்தைச் சும்மா விட்டா செத்துடும். ஒரு வேலை கொடுத்தா பிழைச்சுக்கும்." இதை மேடையிலும் சொல்லுவார், டீக்கடையிலும் சொல்லுவார், தூக்கத்திலும் சொல்லுவார்.

குடியிருப்பதும் அப்படி ஒரு கட்டடத்தில்தான். பழைய ஐஸ் பேக்டரி. ஐஸ் அடுக்கிய கிடங்கு இப்போது ஹால். சுவர் இரண்டடி கனம். ஏ.சி. கிடையாது, தேவையும் கிடையாது. ஐஸ் உறைய வைத்த தொட்டியில் இப்போது மழைத்தண்ணீர் நிற்கிறது. எல்லாம் சரி. செல்போன் சிக்னல் மட்டும் உள்ளே நுழையாது. மனைவி போன் பேசத் தெருவில் போய் நிற்க வேண்டும். அவர் அவளைப் புகழ ஆரம்பித்தால் போதும், "ஐஸ் பேக்டரிக்குள்ள குடி வச்சது பத்தாதா, தனியா வேற ஐஸ் வைக்கணுமா?" என்பாள்.

மனைவி ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். ஊரே அவளை சிஸ்டர் என்று கூப்பிடுகிறது. அவர் ஒருத்தர்தான் கூப்பிட முடியாது.

வார்டில் சிஸ்டருக்கு என்று ஒரு முறை உண்டு. "ஊசி போடட்டுமா?" என்று எந்த நோயாளியிடமும் கேட்க மாட்டாள். "இடது கையா, வலது கையா?" என்றுதான் கேட்பாள். நோயாளி யோசித்து, "இடது" என்பார். ஊசியே வேண்டாம் என்று சொல்ல வந்தது அவருக்கு மறந்து போயிருக்கும். கல்யாணத்தையும் அவள் அப்படித்தான் முடித்தாள். இவர் மனசில் இருப்பதைச் சொல்லலாமா வேண்டாமா என்று நான்கு மாதம் தயங்கினார். அவள் ஒரு நாள், "எங்கப்பாகிட்ட நீங்க பேசறீங்களா, நான் பேசட்டுமா?" என்றாள். "நீயே பேசிடு" என்றார். முடிந்தது.

அந்த அப்பாதான் இப்போது பிரச்சினை.

மாமனார் கட்டடம் இடிக்கிற கான்ட்ராக்டர். ஆர்க்கிடெக்ட் மனசுக்குள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் புல்டோசர். அன்றைக்கு இவர் கையை விரித்து நின்றது அவருடைய இயந்திரத்துக்கு முன்னால்தான். சாப்பாட்டு நேரம் என்பதால் இயந்திரம் நின்றது. மகள் டிபன் கேரியரோடு வந்து இறங்கினாள். அரை மணி நேரத்தில் கட்டடம் போயிற்று, பெண் கிடைத்தாள்.

போன வருஷம் மாமியார் போய்விட்டார். மாமனார் தொழிலை விட்டுவிட்டுத் தனியாக இருக்கிறார். மூன்று வேளையும் ரொட்டியும் டீயும். போன மாதம் குளியலறையில் வழுக்கி, குழாயைப் பிடித்திருக்கிறார். குழாய் கையோடு வந்துவிட்டது. நாற்பது வருஷமாக அவர் பிடித்ததெல்லாம் கையோடு வந்தே பழக்கம்.

அவருக்கு மாடி ரூமைக் கொடுக்க வேண்டும் என்று சிஸ்டர் நினைக்கிறாள். அந்த ரூம்தான் சிக்கல். பேக்டரி மேனேஜர் உட்கார்ந்த ரூம் அது. இரண்டு பக்கமும் ஜன்னல். தொண்ணூறு வருஷத்துச் சுண்ணாம்புப் பூச்சு, தொட்டால் முட்டை ஓடு மாதிரி இருக்கும். அதில் காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிக்கக்கூட ஆர்க்கிடெக்ட் விட்டதில்லை. தன் வரைபட மேசையை அங்கே போட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் கனவு. மேசை சாக்கு சுற்றி, பழைய மெஷின் ரூமில் தூங்குகிறது. அவர் சாப்பாட்டு மேசையில் படம் வரைகிறார். ஒரு முறை டீ டம்ளர் வைத்த வட்டத்தைக் கிணறு என்று நினைத்து, ஆட்கள் தோண்டவே ஆரம்பித்துவிட்டார்கள்.

நுரையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்க வந்தார். சிஸ்டர் தலை நிமிராமல் கேட்டாள்.

"என்னங்க, அப்பாவோட கட்டிலை மாடி ரூம்ல ஜன்னல் பக்கம் போடலாமா, கதவுப் பக்கம் போடலாமா?"

"ஜன்ன..." என்று வாய் பாதி தூரம் போய்விட்டது. இழுத்துப் பிடித்தார்.

"ஜன்ன?"

"ஜன்னி வந்துடும். மாமாவுக்கு. அந்த ரூம்ல யாரும் படுக்க முடியாது. சுவரெல்லாம் ஈரம்."

"எந்தச் சுவரு? நேத்துதான் துடைச்சேன். எலும்பு மாதிரி காஞ்சு கிடக்கு."

"இப்ப காஞ்சிருக்கு. நாளைக்கு ஈரமாகும். பழைய பூச்சைக் கொத்திட்டுப் புதுசாப் பூசப் போறோம்."

"ஆணியே அடிக்கக் கூடாதுன்னீங்க."

"உள்ளுக்குள்ள உளுத்துப் போச்சும்மா. வெளியே தெரியாது."

சிஸ்டர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிற பார்வை. "சரிங்க" என்றாள்.

பொய் சொல்லியாகிவிட்டது. இனி அதை உண்மையாக்க வேண்டும். மறுநாள் கொத்தனார் வந்தார். விரல் முட்டியால் சுவரைத் தட்டினார்.

"சார், சுவரு நல்லா இருக்கே."

"கொத்துங்க."

"தொண்ணூறு வருஷம் நின்னிருக்கு. இன்னும் தொண்ணூறு நிக்கும். போன மாசம் ஒரு விரக்கடை பூச்சு பேர்ந்ததுக்கு என்னை அரை மணி நேரம் நிக்க வச்சுத் திட்டினீங்க."

"அது வேற சுவரு."

"அதைவிட இது நல்ல சுவரு சார்."

"கொத்துங்கன்னா கொத்துங்க."

"அப்ப நீங்க வெளியே போயிடுங்க. நீங்க பக்கத்துல நின்னா எனக்குக் கை வராது."

ஆர்க்கிடெக்ட் வெளியே போய், காருக்குள் உட்கார்ந்து, காதைப் பொத்திக்கொண்டார். ஒவ்வொரு உளிச் சத்தத்துக்கும் தன் பல் ஒன்று விழுகிற மாதிரி இருந்தது. வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் உண்ணாவிரதமே இருந்திருப்பார். நடுவில் கொத்தனார் தெருவுக்கு வந்து யாரிடமோ போனில் பேசிவிட்டுப் போனார். அதைக் கவனிக்கிற நிலையில் இவர் இல்லை.

இரண்டு நாளில் புதுப் பூச்சு ஏறியது. சாயங்காலம் சிஸ்டர் மாடிக்கு வந்து பார்த்தாள். கோபப்படவில்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது.

"காய எத்தனை நாளாகும்?"

"நூறு நாள்."

அவள் கைப்பையிலிருந்து வார்டு நோட்டை எடுத்தாள். "சுவத்துக்குத் தண்ணி விடணுமா?"

சுண்ணாம்பைப் பற்றி யாராவது கேட்டால் ஆர்க்கிடெக்டுக்குத் தலைகால் புரியாது. வீட்டில் அவரிடம் அதைப் பற்றி யாரும் கேட்டதே இல்லை.

"கண்டிப்பா. தினம் மூணு வேளை. ஊத்தக் கூடாது. புகை மாதிரி தெளிக்கணும்."

"ஒரு வேளை விட்டுட்டா?"

"முடி மாதிரி வெடிப்பு விடும். அப்புறம் மொத்தமும் போச்சு."

"வெயில் நேரா பட்டா?"

"ஐயோ, படவே கூடாது. வெயில் திரும்பத் திரும்ப ஜன்னலை மூடணும், தொறக்கணும். கைக்குழந்தை மாதிரிம்மா. எப்பவும் ஒரு ஆள் பக்கத்துலயே இருக்கணும்."

"நான் வார்டுக்குப் போயிடுவேன். நீங்க சைட்டுக்குப் போயிடுவீங்க." நோட்டை மூடினாள். "அப்பா வியாழக்கிழமை வரட்டுமா, வெள்ளிக்கிழமை வரட்டுமா?"

"வெள்ளி" என்றார் ஆர்க்கிடெக்ட். வியாழக்கிழமை அவருக்கு ஒரு மீட்டிங் இருந்தது.

அவள் படியிறங்கிப் போன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. பின்னாலேயே ஓடினார்.

"மாமா எதுக்கும்மா இந்த வயசுல? சும்மா இருக்கட்டுமே."

"சும்மா விட்டா செத்துடும், ஒரு வேலை கொடுத்தா பிழைச்சுக்கும்னு நீங்கதானே சொல்லுவீங்க."

"அது கட்டடத்துக்கு."

"அப்பாவும் கட்டடம் மாதிரிதான். பழசு. விரிசல் விட்டிருக்கு." அவள் குரல் கொஞ்சம் கம்மியது.

வெள்ளிக்கிழமை மாமனார் ஒரு பையோடும் ஒரு சுத்தியலோடும் வந்து இறங்கினார். சுவர் ஈரம் என்பதால் படுக்கை ஹாலில். உள்ளே வந்ததும் செருப்பைக் கழற்றினார், சுவரைத் தட்டினார்.

"மூணு நாள்" என்றார்.

"என்ன மாமா மூணு நாள்?"

"இதை இறக்க. நாலு ஆள் போட்டா. அந்தச் சுவரு ஒரு நாள். மாடிப்படி, டீ குடிக்கிற நேரம்."

இப்படி வீடு முழுக்க நடந்து நடந்து ஒவ்வொன்றுக்கும் நாள் குறித்தார். ஆர்க்கிடெக்டுக்குச் சோறு இறங்கவில்லை. மாமனாருக்கு நன்றாக இறங்கியது. ஒரு வருஷத்துக்குப் பிறகு உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பிட்ட இடத்திலேயே பேப்பரை விரித்துப் படிக்க ஆரம்பித்தார். எழுந்திருக்கவே இல்லை. சாப்பாட்டு மேசையும் போயிற்று. மறுநாளிலிருந்து ஆர்க்கிடெக்ட் துணி இஸ்திரி போடுகிற மேசையில், நின்றுகொண்டே படம் வரைந்தார்.

ஆனால் மாமனார் ஒரு வேளை கூடத் தவறவில்லை. செடிக்கு மருந்தடிக்கிற பம்ப் ஒன்றை வாங்கிக்கொண்டார். ஐஸ் தொட்டியிலிருந்து மழைத்தண்ணீரைப் பிடித்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறுவார். தெளிப்பார். ஜன்னலை மூடுவார். ஸ்டூலில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பார்.

முப்பதாவது நாளோ என்னவோ, ஆர்க்கிடெக்ட் மாடிக்குப் போனபோது அவர் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. ஒரு வெடிப்பு காட்டுங்க பார்ப்போம்."

ஆர்க்கிடெக்ட் கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"நாப்பது வருஷம் சுவரு விழுறதைத்தான் பார்த்தேன். ஒண்ணு இறுகறதை இப்பத்தான் பார்க்கிறேன்." பம்பை மடியில் வைத்துக்கொண்டார். "ஆமா, சுண்ணாம்புக்கு நூறு நாளா? எனக்குத் தெரிஞ்சு இருபது நாள்ல கை வச்சுடலாமே."

"இது... பழைய முறை மாமா."

"பழைய பூச்சைப் பின்னாடி குவிச்சு வச்சிருக்கீங்க. எடுத்துப் பார்த்தேன். கல்லு மாதிரி இருக்கு. உளுத்தது ஒண்ணு கூட இல்ல."

ஆர்க்கிடெக்ட் ஜன்னலைப் பார்த்தார்.

"ரூம் வேணும்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் எத்தனையோ இடிச்சிருக்கேன் மாப்பிள்ளை. எல்லாம் எவனோ இடிக்கச் சொன்னது. நல்ல சுவரை நானா இடிச்சதே இல்ல." மறுபடி பம்பை அடிக்க ஆரம்பித்தார். "என் பொண்ணுகிட்ட சொல்ல மாட்டேன். நூறாவது நாள் கிளம்பிடறேன்."

திட்டியிருந்தால்கூட ஆர்க்கிடெக்ட் தாங்கியிருப்பார்.

அதற்குப் பிறகு எழுபது நாளும் ஆர்க்கிடெக்டுக்கு அந்த மாடிப்படியைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. இஸ்திரி மேசையில் நின்று நின்று கால் வீங்கியது. அதைக்கூட அவர் சொல்லவில்லை.

நூறாவது நாள் வந்தது. சுவர் பளபளவென்று நின்றது. பழைய பூச்சைவிட ஒரு படி மேல் என்று உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். மாமனார் காலை வேளைத் தண்ணீரைத் தெளித்துவிட்டு, பம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பையில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தார். சுத்தியலை மேலே வைத்தார்.

"பையை வைங்க மாமா" என்றார் ஆர்க்கிடெக்ட். "நீங்க எங்கேயும் போகல. இந்த ரூம் உங்களுக்குத்தான்."

மாமனார் மகளைப் பார்த்தார்.

"அவளை ஏன் பார்க்கறீங்க? இது என் முடிவு. யாரும் சொல்லி எடுத்ததில்ல."

"உங்க முடிவா?" என்றாள் சிஸ்டர்.

"ஆமா."

"சரிங்க" என்றாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவர் ஒரு முடிவு எடுத்து, அவள் சரி என்றிருக்கிறாள். ஆர்க்கிடெக்டுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அப்போது கொத்தனார் படியேறி வந்தார். கையில் ஒரு நீளமான கைப்பிடிக் கம்பி. ஆஸ்பத்திரிகளில் கட்டில் பக்கத்தில், நோயாளி பிடித்து எழுந்திருக்க வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. ஜன்னலோரம் குனிந்தார். சுவரில் நாலே நாலு இடத்தைத் தடவிக் கண்டுபிடித்தார். திருகாணியை முடுக்கினார். ஒரு துளி சுண்ணாம்பு உதிரவில்லை.

"நில்லுங்க, நில்லுங்க. அங்கே எப்படி ஆணி பிடிச்சுது? உள்ளே செங்கல்."

"கட்டை வச்சிருக்கு சார். பூச்சுக்குள்ளயே, மேலே லேசா மூடி. நீங்க கார்ல உட்கார்ந்திருந்தப்ப அம்மாவுக்குப் போன் பண்ணிக் கேட்டேன், நல்ல சுவரைக் கொத்தச் சொல்றாரே, என்ன பண்றதுன்னு. கொத்தினதுதான் கொத்தினீங்க, நாலு கட்டையை வச்சுப் பூசிடுங்கன்னு அளவும் சொல்லிட்டாங்க."

"கழட்டினா சுவத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள் சிஸ்டர். "பின்னாடி கழட்டற மாதிரிதான் எதையும் சேர்க்கணும்பீங்களே. உங்க ரூல்தான்."

மாமனார் கம்பியைப் பிடித்து எழுந்து பார்த்தார். பிடித்தது முதல் முறையாகக் கையோடு வரவில்லை. இன்னொரு தடவை உட்கார்ந்து, இன்னொரு தடவை எழுந்தார். சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தலையணைக்கு உறை மாட்டினாள்.

ஆர்க்கிடெக்ட் கணக்குப் போட்டார். கம்பி ஜன்னலோரம். ஆக, கட்டில் ஜன்னல் பக்கம் என்று நூறு நாளுக்கு முன்னாலேயே முடிவாகியிருக்கிறது. ஆனாலும் ரூம் பெரியது. மூலையில் ஒரு மேசைக்கு இடம் இருக்கத்தான் செய்கிறது. தோற்றவனுக்கும் ஒரு வழி உண்டு, அவள் வழியையே எடுத்துக்கொள்வது. இத்தனை வருஷம் ஊசி வாங்கியவருக்கு ஊசி போடத் தெரியாதா என்ன. தொண்டையைச் செருமினார். ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்.

"ஏம்மா, என் மேசையை அந்த மூலையில போடட்டுமா, இந்த மூலையில போடட்டுமா?"

"எந்த ரூம்ல?" என்றாள் சிஸ்டர்.