தெய்வக் களை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தள்ளிப்போட்டேன். சாமி விஷயத்தில் சிரிப்பு கலக்கலாமா என்று பயம். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதினால் யார் படிப்பார்கள் என்று கூச்சம் வேறு. ("எழுதுங்க, ஆனா உள்ளதை எழுதுங்க" என்றாள் என் மனைவி. அதுதானே கஷ்டம்.) ஆனால் எங்கள் தெருவில் இந்தக் கதை இப்போது வேறு மாதிரி உலாவுகிறது. அதனால் எழுதியே ஆகவேண்டியதாகிவிட்டது.

மரக்காணம் உப்பளத்தில் நான் மேஸ்திரி. பாத்தி கட்டி உப்பு விளைவிக்கத் தெரியும். ஒரு செடி விளைவிக்கத் தெரியாது. எங்கள் பக்கம் மண்ணில் கீரை முளைத்தாலே எட்டிப் பார்ப்போம். பூ என்றால் எனக்குக் கடையில் முழம் போடுவது. தும்பைப்பூவைக் கோயிலில் பார்த்திருக்கிறேன். அது செடியில் பூக்கிறதா, கொடியில் பூக்கிறதா என்று யோசித்ததே இல்லை.

கடல் பொங்கி வந்ததற்கு மறு வருடம், 2005-ல், என் மனைவி சரோஜா மஞ்சள் காமாலை முற்றிப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். டாக்டர் என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். அங்கிருந்து நேராக இரும்பை கிராமத்துச் சிவன் கோயிலுக்குப் போய் நின்றேன். "இவ எழுந்து நடந்து வந்தா, என் கையால போட்ட தும்பையில மாலை கட்டி உனக்குச் சாத்துறேன்" என்று வேண்டிக்கொண்டேன். கையால் போட்ட என்பதை யாரும் கேட்கவில்லை, நானாகச் சேர்த்துக்கொண்டேன். கடைப் பூவென்றால் சிவனுக்கு நம் கஷ்டம் புரியாதாம். (அவருக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்துவிட்டது!)

சரோஜா பிழைத்தாள். உடம்பு தேற திண்டிவனத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். நான் விதை தேடிக் கிளம்பினேன்.

குயிலாப்பாளையத்தில் செடி விற்கும் அம்மாவிடம், "தும்பை விதை இருக்குதுங்களா?" என்றேன்.

"தும்பைக்கு யாருங்க விதை போடுவாங்க?" என்று சிரித்தார். "காசித்தும்பை இருக்குது, வேணுமா?"

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வெறும் தும்பை கேட்டேன், காசியிலிருந்தே வருகிறது! செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அந்த அம்மா அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

எங்கள் உப்பு மண்ணில் அதைப் போட முடியுமா? இரும்பையில் ஒரு வயல்காரரிடம் கேட்டு இரண்டு சாக்கு செம்மண் வாங்கி பஸ்ஸில் ஏற்றினேன்.

"என்ன மூட்டைப்பா இது?" என்றார் கண்டக்டர்.

"மண்ணுங்க."

"ஏம்பா, மரக்காணத்துல மண்ணே இல்லையா?"

"இருக்குதுங்க, உப்பா இருக்குது."

மூட்டைக்கும் டிக்கெட் போட்டார்.

வேண்டுதலை நிறைவேறும் முன்னே வெளியில் சொல்லக்கூடாது என்பார்கள். நானும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தெருவில் எந்தப் பெண்பிள்ளையும் என்னைத் திருத்தியிருப்பாள்.

விதை போட்ட இடத்தில் இரண்டு விதமாக முளைத்தது. ஒன்று, தண்டெல்லாம் நீர் கோத்து, இலை பளபளவென்று இருந்தது. அதன் முகத்தில் ஒரு தெய்வக் களை. மற்றது சொரசொரவென்று, கசக்கினால் ஒரு நெடி. அது வெறும் களை. அதையெல்லாம் மண்ணோடு பிடுங்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்தேன். காசிக்காரருக்கோ உப்புக் காற்று படாமல் சரோஜாவின் பழைய சேலையில் பந்தல். காலையும் மாலையும் இலையைக் கழுவிவிட நல்ல தண்ணீர்.

மொட்டு விட்டது. ரோஜா நிறத்தில் வந்தது. தும்பை வெள்ளை என்பது எனக்குத் தெரியும். ஆனால் காசியில் குளிர் அதிகம், அதில் சிவந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை, அந்தப் பூவில் கட்டிய மாலையோடு கோயிலுக்குப் போனேன். சரோஜாவும் திண்டிவனத்திலிருந்து வந்து சேர்ந்தாள். மெலிந்து போயிருந்தாள், ஆனால் நடந்து வந்தாள். நான் வாழை இலையைப் பிரித்து, "சாமி, காசியிலேர்ந்து வந்த தும்பைங்க" என்று சத்தமாகச் சொன்னேன். பூவோடு காயையும் சேர்த்துக் கட்டியிருந்தேன். குருக்கள் தொட்டதும் ஒரு காய் பட்டென்று வெடித்து, விதை அவர் மூக்கில் அடித்தது. அவர் பதறிக் கையை இறுக்க, இன்னும் நாலு வெடித்தது.

சரோஜா சிரிக்க ஆரம்பித்தாள். தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, நிறுத்த முடியாமல் சிரித்தாள். "ஐயோ, இது காசித்தும்பைங்க! எங்கம்மா வூட்டுத் தொட்டியோரம் தானா மொளைக்கும். தும்பை வேற, இது வேற! காசிக்கும் இதுக்கும் என்னா சம்பந்தம்?"

"பரவாயில்லைங்க, அம்பாளுக்குச் சாத்திடலாம்" என்றார் குருக்கள், மூக்கைத் துடைத்தபடி.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவள் உயிருக்குச் சொன்ன வார்த்தை அப்படியே நிற்கிறதே. வீட்டுக்கு வந்து அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் சரோஜா, பக்கத்து வீட்டு நூர்ஜகானோடு பேச சுவர் மேல் எட்டிப் பார்த்தவள், அப்படியே நின்றாள்.

"நூர்ஜகான், அது என்னா வெள்ளையா?"

"உங்க வூட்டுக்காரர் எறிஞ்ச களைதான்க்கா. எங்க சாக்கடைத் தண்ணியில வேர் புடிச்சுப் பூத்துக் கெடக்குது. அண்ணன் திட்டுவாரோன்னு புடுங்கல."

தும்பை! இரும்பை மண்ணோடு வந்த விதை. கேட்ட பூவை அவரே மண்ணில் வைத்து அனுப்பியிருக்கிறார். நான் பிடுங்கி எறிந்திருக்கிறேன்.

"ஆனா நான் வளர்க்கலையே. என் கையால போட்டதுன்னுல்ல வேண்டிக்கிட்டேன்" என்றேன்.

சரோஜா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பின்ன யார் கையால போட்டது? நீங்கதானே போட்டீங்க, சுவருக்கு அந்தாண்ட!"

அடுத்த திங்கட்கிழமை நூர்ஜகானும் சரோஜாவும் பறித்துக் கொடுக்க, நானே கட்டினேன். சின்ன மாலைதான். அது சாத்தப்பட்டபோது சரோஜா சிரிக்கவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

இன்றைக்கும் நான் எதையாவது தூக்கி எறிந்தால் என் மகள் கேட்பாள்: "அப்பா, குப்பையா, வேண்டுதலா?"

தெருவிலோ, குருக்கள் கையில் சிவப்புப் பூ வெள்ளையாக மாறியது என்கிறார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் எதையும் மாற்றாமல் சொல்லுங்கள். வெடித்த காயையும் நூர்ஜகானின் சாக்கடைத் தண்ணீரையும் விட்டுவிடாதீர்கள். சிவன் வந்தது அந்த வழியாகத்தான்.