சிறைப் படிப்புக்குக் கல்லூரி பார்த்த பெரிய மாமா

மனிதர்களில் ஒரு வகை உண்டு. யார் வீட்டிலாவது ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டது என்று காதில் விழுந்தால் போதும், பாதி குடித்த டீயை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அவர்களை யாரும் அழைத்திருக்க மாட்டார்கள். அழைத்தால்தான் வருவதற்கு அவர்கள் என்ன பிளம்பரா? தாமாகவே வருவார்கள், இருக்கிற நாற்காலிகளில் ஆடாத நாற்காலியாகப் பார்த்து உட்காருவார்கள், "என்ன படிக்கப் போறே?" என்று கேட்பார்கள், பிள்ளை வாயைத் திறப்பதற்குள் தலையை இடமும் வலமுமாக ஆட்டி, "அதுக்கெல்லாம் இப்ப ஸ்கோப் இல்ல" என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். எதற்கு ஸ்கோப் இல்லை? அது முக்கியமில்லை. இல்லை, அவ்வளவுதான்.

இவர்கள்தான் அடுத்தவர் பிள்ளைக்குக் கல்லூரி பார்ப்பவர்கள். நான் கண்டவர்களில் இந்த இனத்தின் சிகரம், என் கீழ்வீட்டுக்காரர்களின் பெரிய மாமா. தரைக்கும் சுவருக்கும் ஒட்டுகிற டைல்ஸ் விற்கும் கடை வைத்திருக்கிறார். எந்தக் கல்லூரிக்குப் போனாலும் பாடத்திட்டம் கேட்க மாட்டார். ஆசிரியர் யார் என்று விசாரிக்க மாட்டார். நேராகக் கழிவறைக்குப் போய்ச் சுவரை விரல் மூட்டால் தட்டிப் பார்ப்பார். 'டொக் டொக்' என்று உள்ளே காலியாகக் கேட்டால் அந்தக் கல்லூரி தேறாது. "ஒரு டைல்ஸ ஒழுங்கா ஒட்டத் தெரியாதவன் பிள்ளைங்களுக்கு என்னத்த சொல்லிக் குடுப்பான்?" என்பார். அவருடைய சொந்த மகனுக்கு அவர் எந்தக் கல்லூரி பார்த்தார் என்று கேட்கிறீர்களா? பார்க்கவில்லை. பையன் சுதாரித்துக்கொண்டு, அப்பா சரக்கு எடுக்க வெளியூர் போயிருந்த சமயமாகப் பார்த்துத் தானே ஓரிடத்தில் சேர்ந்துவிட்டான்.

கீழ்வீட்டுக் குடும்பம் சின்னது. அப்பா லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மேலும் கீழும் போய்வருவதாலோ என்னவோ, வீட்டுக்குள் வந்துவிட்டால் எந்தப் பக்கமும் அசைய மாட்டார். அம்மா பெண்களுக்கான முடிதிருத்தும் கடை நடத்துகிறார். கடை விடுமுறை நாட்களில் பெண்கள் சிறைக்குப் போய், அங்கே இருப்பவர்களுக்கு முடி வெட்டும் தொழில் சொல்லிக் கொடுப்பார். மகள் சின்ன வயதிலிருந்தே கத்தரிக்கோல் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போய்வந்தவள். சிறைக் கத்தரிக்கோலை எண்ணி வாங்கி எண்ணிக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு வாய்ப்பாடு மாதிரி அத்துப்படி.

அவள் பள்ளிப்படிப்பை முடித்ததும் மாமா வந்து சேர்ந்தார். நாற்காலி, டீ, கேள்வி. ஆனால் இந்தத் தடவை பிள்ளை முந்திக்கொண்டது.

"குற்றவியல் நீதியும் சிறைச் சீர்திருத்தமும் படிக்கப் போறேன் மாமா."

மாமா தலையை ஆட்டத் தொடங்கினார், பாதியில் நிறுத்தினார். அவர் வாழ்க்கையில் கேட்டிராத படிப்பு. கேட்டிராததற்கு எப்படி ஸ்கோப் இல்லை என்று சொல்வது? ஆனால் அவர் பழுத்த அனுபவசாலி. ஒரு மடக்கு டீயிலேயே சமாளித்துக்கொண்டார்.

"திருத்தமா? யாரத் திருத்தப் போறே?"

"ஜெயில்ல இருக்கறவங்க வெளிய வந்து திரும்ப வாழறதுக்கு உதவி பண்ற வேலை மாமா."

"உங்கம்மா முடியத் திருத்தறா, நீ ஆளையே திருத்தப் போறியா? முடியாவது வெட்டுனா விழும். கல்யாணம் ஆன நாள்லேருந்து உங்கப்பா ஈரத் துண்டக் கட்டில்ல போடறாரு. அதையே உங்கம்மாவால திருத்த முடியல!"

கட்டிலின் மேல் கிடந்த துண்டை அப்பா மெதுவாக எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"அண்ணா, அவளே ரெண்டு மூணு இடத்துல விசாரிச்சிருக்கா. மூணாவது வருஷம் ஜெயிலுக்குள்ளயே பயிற்சி குடுக்கற காலேஜ் ஒண்ணு இருக்காம். வெள்ளிக்கிழமை நேர்காணல்" என்றார் அம்மா.

"அவ விசாரிச்சாளா?" மாமா நெஞ்சில் கைவைத்தார். "அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?"

இந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் எல்லோருக்கும் பதில் தெரியும். ஆனால் மாமாவிடம் கார் இருந்தது.

வெள்ளிக்கிழமை காரில் ஓர் இடம் மிச்சம் இருந்ததால், மூக்குக்கண்ணாடி மாற்ற அந்தப் பக்கம் போக வேண்டியிருந்த நானும் தொற்றிக்கொண்டேன். நேர்காணல் மத்தியானம்தான். அதுவரை சும்மா இருக்க மாமாவுக்கு மனசு வருமா? "போற வழியில ரெண்டு காலேஜ் பாத்துடலாம், எனக்கு என்ன லாபம்?" என்று ஊரின் எதிர்த்திசையில் வண்டியைத் திருப்பினார்.

முதல் கல்லூரியின் வாசல் வளைவு ஒரு கப்பல் உள்ளே போகிற அளவுக்கு இருந்தது. மாமா கழிவறைச் சுவரைத் தட்டிவிட்டு முகம் மலர்ந்து வந்தார். அந்தக் கல்லூரியில் குற்றவியல் கிடையாது. "சட்டம் இருக்கு, அதப் படிச்சிட்டு ஜெயிலுக்குப் போயேன்" என்றார் மாமா. இரண்டாவது கல்லூரியில் அந்தப் படிப்பு இருந்தது. சேர்க்கை அலுவலகத்தில் கோட்டு போட்ட ஒருவர், தமது துறையில் எல்லா வகுப்பும் குளிர்சாதன அறையில் என்றார்.

"எப்பவாவது மாணவர்கள் சிறைக்குள்ள போவாங்களா சார்?" என்று பெண் கேட்டாள்.

"சேச்சே! அப்படிப்பட்ட எடத்துக்கெல்லாம் நாங்க பிள்ளைங்கள அனுப்ப மாட்டோம். பயப்படாதீங்க" என்றார் அவர், மாமாவைப் பார்த்து. மாமா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். அம்மா முதல் தடவையாகக் குரலை உயர்த்தி, "அண்ணா, வண்டிய எடு. இல்லன்னா ஆட்டோல போயிடுவேன்" என்றார். மாமா வண்டியை எடுத்தார்.

அவள் தேர்ந்தெடுத்திருந்த கல்லூரி, பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருந்தது. வளைவு கிடையாது. ஒரு காலத்தில் அச்சகமாக இருந்த கட்டடம். பெயர்ப்பலகையில் ஓர் எழுத்து விழுந்து, 'கல்லூரி'க்குப் பதில் 'கலூரி' ஆகியிருந்தது. மாமா காரை விட்டு இறங்க மறுத்துவிட்டார். "இதோட கழிவறைய நான் தட்டணுமா? தட்டுனா கட்டடமே விழும்." தாயும் மகளும் ஓட்டமும் நடையுமாக உள்ளே போனார்கள். நான் மாமாவுக்குத் துணையாகத் தங்கினேன். பக்கத்து மரநிழலில் ஒரு மீசைக்காரர், மகளோடு நின்றுகொண்டிருந்தார். மகள் காலணி நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

அடுத்தவர் பிள்ளை ஒன்று, படிக்கும் வயதில், கண்ணெதிரே! மாமா காரைவிட்டு இறங்கிவிட்டார்.

"நேர்காணலா?"

"ஆமா சார். ஒரே ஒரு இடம்தான் பாக்கியாம். எம்பொண்ணு பேருதான் முதல்ல இருக்கு. கூப்பிடுவாங்கன்னு உக்காந்திருக்கோம்" என்றார் மீசைக்காரர், நின்றுகொண்டே.

"நான் சொல்றேன், கேட்டுக்குங்க. எனக்கு என்ன லாபம்? இந்தக் கட்டடத்தப் பாருங்க. சரி, கட்டடம் போகட்டும். ஜெயில் வேலை ஒரு வேலையா? காலைல உள்ள போனா, பூட்டு. சாயங்காலம் வரைக்கும் பூட்டு. கைதிக்காவது இன்ன தேதியில விடுதலைன்னு எழுதிக் குடுக்கறான். வேலைக்காரனுக்கு அதுவும் கிடையாது. பெத்த பொண்ண யாராவது அங்க தள்ளுவாங்களா?"

மீசைக்காரர் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, கழுத்தைத் துடைத்தார். பிறகு சொன்னார்: "நான் ஜெயில் வார்டர் சார்."

நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். மாமா ஒரு கையால் கார்க் கதவைத் தேடினார். வார்டரின் தோள் அகலம் அப்படி.

ஆனால் வார்டர் கோபப்படவில்லை. "இத்தன வருஷத்துல இத எங்கிட்ட யாரும் இப்படிப் பட்டுன்னு சொன்னதில்ல. நான் அதிகாரி ஆக முடியல, இவளாவது ஆகட்டும்னு இழுத்துட்டு வந்தேன்" என்றவர், மகள் பக்கம் திரும்பினார். "உனக்கு இது பிடிக்கலயாம்மா?"

அந்தப் பெண் மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்குப் பூட்டுச் சத்தமே பிடிக்காதுப்பா. நீங்க வீட்டுக்குள்ள வந்ததும் எல்லாக் கதவையும் ரெண்டு தடவ ஆட்டிப் பாப்பீங்கல்ல... எனக்கு மாடு, நாய்க்கு வைத்தியம் பாக்கற படிப்புதான் ஆசை. சொன்னா நீங்க திட்டுவீங்க."

இதற்குள் உள்ளே என்ன நடந்தது என்பதை நம் பெண் பிறகு சொன்னாள். எழுத்தர் வார்டர் மகளின் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டிருக்கிறார். இல்லை. "அவங்க வரலன்னா இடம் உனக்குத்தாம்மா" என்று துறைத் தலைவியின் அறையைக் காட்டியிருக்கிறார். இவளும் எழுந்து நின்றாள். நின்றவளுக்கு ஜன்னல் வழியே வெளியே தெரிந்தது: மாமாவின் ஆட்காட்டி விரல், அதன் கீழே யாரோ ஒரு பெண். விரலின் ஆட்டத்தைப் பார்த்த மாத்திரத்தில் விஷயம் புரிந்துவிட்டது. பேசாமல் உள்ளே போயிருக்கலாம். அம்மாவைப் பார்த்தாள். "உனக்கு எது சரின்னு படுதோ செய்" என்றாராம் அம்மா. சொல்லும்போது அவர் கை மகளின் பையை இறுக்கிப் பிடித்திருந்ததாம்.

அவள் வெளியே ஓடிவந்தாள்.

"உன் பேரக் கூப்பிடறாங்க, சீக்கிரம் போ! எங்க மாமா சொல்றதக் கேக்காத. அவருக்கு டைல்ஸ் மட்டும்தான் தெரியும்!"

மாமாவின் வாய் திறந்தபடி நின்றது. வார்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"எம்பொண்ணு போகலன்னா இடம் யாருக்கும்மா?"

அவள் தயங்கினாள். "எனக்கு."

"அப்புறம் எதுக்கு ஓடி வந்தே?"

"இன்னொருத்தர் ஏமாந்து எனக்குக் கெடைச்சா, நான் அங்க என்னன்னு போய் நீதி படிக்கறது?"

"சரி, நீ ஏம்மா இதப் படிக்கணும்?"

மூச்சு வாங்க அவள் சொன்னாள். அம்மாவிடம் தொழில் கற்ற ஓர் அக்கா, விடுதலைக்கு முந்தின வாரம் முடியைக் குட்டையாக வெட்டிவிடச் சொல்லிவிட்டு, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டாளாம்: "பாப்பா, வெளிய இப்ப ரோட்ட எப்படித் தாண்டணும்? வண்டியெல்லாம் வேகமாப் போகுமே?"

"எனக்குப் பதில் தெரியல சார். கூட்டிட்டுப் போய்த் தாண்ட வைக்க ஆளும் இல்ல."

வார்டர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். "நீ உள்ள போம்மா. எம்பொண்ணு வரல. அவள யாரும் ஏமாத்தல, அவளுக்கு மாட்டாஸ்பத்திரிதான் பிடிக்குமாம்." வார்டர் மகள் நம் பெண்ணின் கையைப் பிடித்து, "உங்க மாமாவுக்கு ரொம்ப தேங்க்ஸ்" என்றாள்.

மாமாவுக்கு அவர் வாழ்நாளில் ஒரு பிள்ளை நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். கண் கலங்கிவிட்டது அவருக்கு. நல்ல மனுஷன்தான்; ஆலோசனைதான் மோசம்.

நம் பெண்ணுக்கு இடம் கிடைத்தது. அவள் தாமதத்துக்குக் காரணம் கேட்ட துறைத் தலைவி, முழுக் கதையையும் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம். வீடு திரும்பும் வழியில் தாயும் மகளும் பின்சீட்டில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். மாமா மட்டும் தூங்கவில்லை. நல்லவேளை, வண்டி ஓட்டியது அவர்தான்.

இப்போது அவள் மூன்றாம் வருஷம். பயிற்சிக்குச் சிறைக்குப் போய்வருகிறாள்; விடுதலையாகிறவர்களுடன் முதல் நாள் பேருந்து நிலையம் வரை நடக்கிறாள். மாமாவோ கடைக்கு டைல்ஸ் வாங்க வருகிறவர்களிடமெல்லாம், "உங்க பொண்ணு என்ன படிக்கறா? கணக்கா? அதுக்கெல்லாம் இப்ப ஸ்கோப் இல்ல. சிறைச் சீர்திருத்தம் போடுங்க. எங்க வீட்டுப் பொண்ண நான்தான் சேத்து விட்டேன்" என்கிறார். மறுத்துப் பேச முடியுமா சொல்லுங்கள்? யோசித்துப் பார்த்தால் அவர்தானே சேர்த்துவிட்டார்!

மாமாவைப் பார்த்து நீங்கள் சிரித்ததெல்லாம் சரி. ஒன்றே ஒன்று கேட்கிறேன், ஒளிக்காமல் சொல்லுங்கள். இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, "அந்தப் பெண் வேறொரு கல்லூரியில் சேர்ந்திருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்குமே" என்று ஒரு பெயர் உங்கள் மனதில் ஓடியதா இல்லையா? ஓடியதென்றால், தயவுசெய்து அதை அவளிடம் சொல்லக் கிளம்பாதீர்கள். பாவம், அவளுக்கு அடுத்த வாரம் பரீட்சை.